வெட்டிப் போட்ட மூன்றடி

சுவிட்சர்லாந்து போய்வந்தேன் என்றதும் எல்லோரும் பனிமலையைப் பற்றிக் கேட்கிறார்கள். பனிமலையை நான் சம்பந்தி வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். நான் போனது ஒரு படத்தை, அதை வரைந்தவரிடமே காட்டித் திட்டு வாங்கிக்கொண்டு வருவதற்கு. எழுபத்தாறு வயதில் திட்டு வாங்குவதற்காக விமானம் ஏறியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இருபது வருடங்களுக்கு முன் சீனாவில் சோங்சிங் என்ற மலைநகரத்துக்கு மூன்று வாரப் பயிற்சிக்குப் போனேன். அங்கே என்னைப் போலவே வரைபடம் போடுகிறவர் ஒருவர் சிநேகிதமானார். பெயர் ஷென். ஞாயிற்றுக்கிழமைகளில் தூரிகையும் மையும் எடுத்துக்கொண்டு நகரத்தை வரைவார். அவர்கள் ஊரில் பழைய ஓவியர்கள் மலையும் மூங்கிலும் வரைந்த அதே மை, அதே தாள். இவர் வரைந்தது அடுக்குமாடியும் மேம்பாலமும்.

விடைபெறும் நாளில் எனக்கு ஒரு படம் கொடுத்தார். ஆறடி உயரம், இரண்டடி அகலம், சுருட்டிய மெல்லிய தாள். கீழ் மூன்றடியில் நகரம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மேல் மூன்றடியில் ஒன்றுமே இல்லை. வெள்ளை.

மயிலாப்பூரில் பிரேம் கடைக்காரர் தாளை விரித்துப் பார்த்துவிட்டு, "மேல வெறும் பேப்பர் சார். டிவிக்கு மேல மாட்டணும்னா இவ்வளவு உயரம் எதுக்கு?" என்றார்.

"வெட்டிடுங்க," என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

மூன்று மாதம் கழித்து ஷென்னிடமிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. 'படத்தின் மேல் பாதி சுகமா? அதுதான் நான் பிறந்த சந்து. இடித்துவிட்டார்கள். அதனால் அங்கே மை வைக்கவில்லை.'

நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? 'நன்றாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன்.' பிறகு அவர் புகைப்படம் கேட்டார். கேமராவுக்குள் முழு உயரமும் அடங்கவில்லை என்று எழுதி, கீழ் பாதியை மட்டும் அனுப்பினேன். என் மனைவி கமலா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு கடிதம் வரும்போதும், "உண்மையைச் சொல்லித்தான் தொலையுங்களேன்," என்பாள். சொல்லவில்லை. இருபது வருடம் ஓடிவிட்டது.

இந்த வருடம் ஷென் எழுதினார். சூரிச்சில் ஒரு அருங்காட்சியகத்தில் அவருடைய முதல் பெரிய கண்காட்சி. என்னிடம் இருக்கும் படம்தான் முதல் சுவரில் தொங்கப்போகிறது. அவர்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார்களாம். 'வேண்டாம், நானே கொண்டுவருகிறேன்,' என்று பதில் போட்டேன். எழுதிச் சொல்ல முடியாததை நேரில் சொல்லிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

பிரேமையும் கண்ணாடியையும் கழற்றினேன். படத்தை அட்டைப் பலகையோடு சேர்த்து ஒட்டியிருந்தார் கடைக்காரர். அதை அப்படியே ஒரு பழைய பச்சைக்கரை வேட்டியில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டினேன்.

என் மகன் கட்டியிருப்பது யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்ணை. அவளுடைய அப்பா சிவபாலன், பெர்ன் நகரத்தை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் இருக்கிறார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். நான் அவரைச் சம்பந்தி என்பேன். அவர் என்னை அண்ணை என்பார். கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் அவர் வீட்டுக்குப் போகிறேன்.

முதல் நாள் மத்தியானம் அவர் மனைவி மலர் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். இரவு, ராக்கிளெட் என்று ஒன்று. மேசை நடுவில் மின்சார அடுப்பு. ஆளுக்கு ஒரு குட்டிச் சட்டி. அதில் பாலாடைக்கட்டியை உருக்கி உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிச் சாப்பிட வேண்டும். வாசனை முதலில் மழையில் நனைந்த சாக்ஸை ஞாபகப்படுத்தியது. மலர் என் சட்டியில் பச்சை மிளகாயை நறுக்கிப் போட்டு, "இப்ப சாப்பிட்டுப் பாருங்கோ அண்ணை. சுவிஸ்காரருக்கு இது இன்னும் தெரியாது," என்றார். மூன்று சட்டி சாப்பிட்டேன்.

"உந்த வேட்டிக்குள்ள என்ன அண்ணை, இப்பிடிக் காவல் காக்கிறீங்கள்?" என்று சிவபாலன் கேட்டார். நண்பர் வரைந்த படம் என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. பழக்கம்.

இரண்டாம் நாள் பெர்னைச் சுற்றினோம். ஆரே ஆறு பச்சைக் கண்ணாடி போல ஓடுகிறது. எங்கள் கூவத்தோடு அதை ஒப்பிட மாட்டேன், ஆற்றுக்கும் மரியாதை உண்டு. பேருந்து இரண்டு நிமிடம் தாமதமாக வந்தது. நிறுத்தத்தில் நின்ற ஒரு கிழவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஏதோ சொன்னார். சிவபாலன் மொழிபெயர்த்தார்: "நாடு கெட்டுப்போச்சாம்."

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, சூரிச்சுக்கு ரயில் ஏறினோம். இந்த ஊர் ரயிலில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு இருக்கைகளுக்கு நடுவே கூரை போல ஒரு இடைவெளி இருக்கிறது. மூட்டையை அதற்குள் சொருகினேன். எதிரே உட்கார்ந்திருந்த மூதாட்டி அதைக் காட்டி ஏதோ கேட்டார்.

"மடக்கு மேசையோ எண்டு கேக்கிறா அண்ணை. வெய்யில் நல்லா இருக்காம், காட்டுக்குள்ள கொண்டுபோய் விரிச்சுச் சாப்பிடலாமாம்," என்றார் சிவபாலன். மூதாட்டி எனக்கு நல்ல பயணம் அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு, ஒரு மணி நேரமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் பார்த்தேன். மாடுகள், பண்ணை வீடுகள், துவைத்து இஸ்திரி போட்டது போன்ற வயல்கள். மனதுக்குள் ஷென்னிடம் சொல்ல வேண்டிய முதல் வரியைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தேன்.

சூரிச்சில் ரயில் நின்றது. அந்த வண்டிக்கு அதுதான் கடைசி நிலையம். எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். இந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும். கதவருகே வரும்போதே எனக்கு மூட்டை ஞாபகம் வந்துவிட்டது. திரும்பியிருந்தால் எட்டே அடி. திரும்பவில்லை. மேடையில் கூட்டத்தோடு நடந்து, நகரும் படிக்கட்டில் ஏறி, பெரிய கூடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான், "ஐயோ சம்பந்தி, படம்!" என்றேன்.

என் நடிப்பு அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறது. சிவபாலன் அறுபத்தைந்து வயதில் படிக்கட்டுகளை இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டு ஓடினார். வண்டியைத் துப்புரவு செய்யக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தவறவிட்ட பொருட்களுக்கான கவுண்டரில் ஒரு இளம்பெண் கணினியில் விவரம் பதிந்துகொண்டு, கிடைத்தால் சில நாட்களில் தகவல் வரும் என்றார். நீளம், அகலம் எல்லாம் கேட்டார். 'சுற்றியிருக்கும் துணியின் வகை' என்ற கேள்விக்குச் சிவபாலன் வேட்டியை விளக்கிய அழகைப் பார்க்க வேண்டும். இடுப்பில் கையால் சுற்றிச் சுற்றிக் காட்டினார். அந்தப் பெண் கடைசியில் 'பாவாடை, ஆண்களுக்கானது' என்று பதிந்ததாகச் சொன்னார்.

எனக்குள்ளே ஒரு நிம்மதி பரவியது. படம் தொலைந்துவிட்டது. தொலைந்த படத்தின் உயரத்தை யார் அளக்கப்போகிறார்கள்? ஷென்னின் கையைப் பிடித்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் போதும். நல்ல பசி எடுத்தது.

லாங்ஸ்ட்ராஸ என்ற தெருவில் ஒரு தமிழ்க் கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டோம். இரும்புக் கல்லில் தகடுகள் தாளம் போட, பக்கத்து மேசையில் இரண்டு பேர் வீட்டு வாடகையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி ரொட்டியில் சிவபாலனின் கைபேசி சிணுங்கியது. பிறகு இன்னொரு முறை. மூன்று வெவ்வேறு பேர் ஒரே செய்தியை அவருக்கு அனுப்பியிருந்தார்கள். ரயில் கழுவும் தமிழர்களின் குழுவில் ஒருவர் போட்டது அது. சிவபாலன் சத்தமாக வாசித்தார்:

"பெர்ன் வண்டியில வேட்டி சுத்தின பலகை ஒண்டு கிடக்கு. எங்கட ஆக்களின்ரதான். கரையின்ர நிறத்தைச் சரியாச் சொன்னால் தருவன். இல்லாட்டி சட்டப்படி ஒப்படைச்சுப்போடுவன். ஜெயம்."

சிவபாலன் முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தீங்களோ அண்ணை! ஜெயத்தை எனக்குத் தெரியும். கெதியாச் சொல்லுங்கோ, கரை என்ன நிறம்?"

சிவப்பு என்று சொல்லியிருக்கலாம். நீலம் என்று சொல்லியிருக்கலாம். வயதாகிவிட்டது, ஞாபகம் இல்லை என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கல்லில் தகடுகள் அடித்துக்கொண்டே இருந்தன. சிவபாலனின் விரல் கைபேசியின் மேல் காத்திருந்தது. எனக்காகப் படிகளில் தாவி ஓடிய மனுஷன்.

"பச்சை," என்றேன். பிறகு, "சம்பந்தி, நான் அதை மறந்துட்டு வரலை. வேணும்னேதான் விட்டுட்டு வந்தேன்," என்றேன். பிறகு பிரேம் கடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

சிவபாலன் ரொட்டியை மென்றபடி கேட்டார். முடிந்ததும், "நீங்கள் வெட்டினீங்களோ?" என்றார்.

"வெட்டச் சொன்னேன்."

"எவ்வளவு?"

"பாதி."

"பாதியோ! எங்கட கல்யாணப் பட அல்பத்தில மலர் தன்ர பெரியம்மான்ர தலையை மட்டும் வெட்டினவ. அதுக்கே அந்த வீட்டுக்காரர் பத்து வருசம் எங்களோட கதைக்கேல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, எழும்புங்கோ. நான் உங்களுக்குப் பக்கத்தில நிக்கிறன். அடிக்க வந்தால் மட்டும் குறுக்க வருவன். ஏச்செல்லாம் நீங்களே வாங்கிக்கொள்ளவேணும்," என்றார்.

ஜெயம் ஆரஞ்சு நிறச் சீருடையோடு நிலையத்து வாசலில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். மூட்டையைக் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தார். "ரயிலில குடை விடுவினம், கட்டுப்பல்லும் விடுவினம். வேட்டி கட்டின பலகையை இண்டைக்குத்தான் கண்டன்," என்றவர், "உள்ள என்ன ஐயா, சாமிப் படமோ?" என்று கேட்டார்.

"இல்லை, ஒரு ஊர்ப் படம்," என்றேன். திறப்பு விழாவுக்கு வரச்சொன்னேன். வாறன் என்றார்.

அருங்காட்சியகம் ஒரு மேட்டின் மேல், பழைய மாளிகைக்குள் இருந்தது. ஷென் வாசலிலேயே நின்றிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கூடத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

சுவர் முழுக்கச் சோங்சிங். பழைய மலை ஓவியங்களில் பாறையைக் கோடாலி வெட்டியது போல அழுத்தித் தீட்டுவார்களாம். அதே தீற்றலால் காங்கிரீட்டை வரைந்திருந்தார். பாறையில் பாசிக்கு வைக்கும் புள்ளிகள் இவருடைய அடுக்குமாடிகளில் குளிர்சாதனப் பெட்டிகளாகியிருந்தன. கோபுரக் கிரேன்கள் தனிப் பைன் மரங்களைப் போல உச்சியில் சாய்ந்து நின்றன. மேம்பாலங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடை மாதிரி வளைந்தன. ஒரு மெட்ரோ ரயில் ஒரு கட்டடத்தின் வயிற்றுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. எல்லாம் கறுப்பும் சாம்பலும். மூலையில் மட்டும் ஓவியரின் சிவப்பு முத்திரை, காரின் பின்விளக்கு மாதிரி.

"பால்கனியில துணி காயுது பாருங்கோ," என்று சிவபாலன் ஒரு படத்துக்குள் மூக்கை நுழைத்தார். "உது சுவிஸில ஏலாது. வீட்டு நிர்வாகக்காரர் கண்டிச்சுக் கடிதம் போடுவாங்கள்."

முதல் சுவர் காலியாக இருந்தது. ஆறடிக்கு விளக்கு பொருத்தியிருந்தார்கள். ஷென் பெருமையோடு அதைக் காட்டினார். பக்கத்தில் காகிதங்களைப் பழுது பார்க்கும் ரெகுலா என்ற பெண்மணி வெள்ளைக் கையுறையோடு நின்றார். நான் கயிற்றை அவிழ்த்து வேட்டியைப் பிரித்தேன்.

ஷென் படத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு படத்தின் மேல் விளிம்பில், கத்தி போன இடத்தில், விரலை வைத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தடவினார்.

"வந்த அன்றைக்கே வெட்டிவிட்டேன்," என்றேன். "வெறும் தாள் என்று நினைத்தேன். உங்களுக்கு எழுதியதெல்லாம் பொய்."

அவர் சீன மொழியில் ஏதோ ஒரு சொல் சொன்னார். எனக்குப் புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. வெளியே போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். தோட்டத்தில் ஒரு பெரிய மரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"அஞ்சாவது சுத்து அண்ணை," என்றார் சிவபாலன். பிறகு, "ஒன்பது."

ரெகுலா எங்களைக் கவனிக்கவே இல்லை. அவர் பலகையின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தப் பசை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மைதாப் பசை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "கோதுமைதானே! சீனாவிலும் கோதுமைப் பசைதான். நனைத்தால் உரிந்து வந்துவிடும். உலர்ந்த மை தண்ணீருக்குக் கலையாது. இதை ஒட்டியவர் நல்ல தொழிலாளி." இந்த விவகாரத்தில் சரியாக நடந்துகொண்ட ஒரே ஆள் மயிலாப்பூர் பிரேம் கடைக்காரர்தான் என்று தெரிந்துகொண்டேன்.

ஷென் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. "மீதி எங்கே?" என்றார்.

அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. கடிதம் வந்த பிறகு பிரேம் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அந்தத் தாளைத் துண்டு போட்டுச் சாமி படங்களுக்குப் பின்பக்கம் ஒட்டி அனுப்பிவிட்டிருந்தார். "அருமையான பேப்பர் சார், பூச்சியே வராது," என்று பாராட்டு வேறு.

"என்ன சாமி?"

"முருகன். நாலைந்து முருகன் படங்கள். யார் வீட்டில் என்று தெரியாது."

"அவர் எதற்குக் கடவுள்?"

"மலைக்கு."

ஷென் என்னையே பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் சுவரில் சாய்ந்துகொண்டு. "அந்தச் சந்தில் இருந்த என் அத்தையின் சமையலறை மலைக்கடவுளுக்குப் பின்னால் இருக்கிறது! நகராட்சி அவளுக்குக் கொடுத்த மாற்றிடத்தைவிட நல்ல இடம்!" என்றார். சிவபாலனுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ரெகுலா தண்ணீர்க் குப்பியைக் கவனமாக மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும் ஷென் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கு ஒன்று புரியவில்லை. நீங்கள் வரைபடம் போடுகிறவர். வெள்ளை இடத்தை வெறும் இடம் என்று எப்படி நினைத்தீர்கள்?"

இதற்குத் தயாராக நான் எதையும் வைத்திருக்கவில்லை. அதனால் உண்மை வந்துவிட்டது. பழக்கம்தான் காரணம் என்றேன். அலுவலகத்தில் ஒரு சாலைத் திட்டத்துக்காகக் கால்வாய்க் கரை ஒன்றை அளக்கப் போனேன். அங்கே குடிசைகள் இருந்தன. டீக்கடை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன். அலுவலகத்துக்கு வந்து, மேலிருந்து சொன்னபடி, வரைபடத்தில் அந்த இடத்தை வெள்ளையாக விட்டு 'காலி நிலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்தவர்கள் மனுக் கொடுத்தார்கள். கீழே வரிசையாகக் கைநாட்டுகள். அதை நூலால் கோத்து அலமாரியில் வைத்தவனும் நான்தான். இதைக் கமலாவிடம்கூடச் சொன்னதில்லை.

"எங்கள் சந்து அழிந்த திட்டத்தின் வரைபடத்துக்கு மை போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்?" என்றார் ஷென். தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

பிறகு எழுந்து, வேலைக்காரனுக்கு உத்தரவு போடுவது போலச் சொன்னார்: "புதுத் தாள் மூன்றடி ஒட்டப்போகிறோம். எங்கள் வழக்கத்தில் படத்தை வைத்திருந்தவர்கள் அதன் வெற்றிடத்தில் எழுதுவார்கள், முத்திரை குத்துவார்கள். அரசர்கள்கூட எழுதியிருக்கிறார்கள். நீங்கள் இருபது வருடம் வைத்திருந்தீர்கள். எழுதுங்கள். எல்லாவற்றையும். உங்கள் மொழியில்."

அடுத்த நாட்களில் ஓஸ்டர்முண்டிகனில் தூரிகையும் மைக்குப்பியும் பழைய செய்தித்தாளுமாக உட்கார்ந்து பயிற்சி செய்தேன். தூரிகையை அழுத்தினால் எழுத்து யானையாகிறது, தூக்கினால் கொசுவாகிறது. மலர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "டாக்குத்தர் மருந்து எழுதின மாதிரிக் கிடக்கு அண்ணை. ஆனா பரவாயில்லை, சீனாக்காரருக்கு விளங்காதுதானே."

ரயில் தூசி படிந்த வேட்டியைத் துவைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் துவைக்கும் நாள் ஒன்று. இவர்களுக்கு வியாழன், அன்றைக்குத்தான் துவைக்கும் அறையின் சாவி கைக்கு வரும். "வியாழனுக்கு முதல் துறப்பு எங்களுக்கு இல்லை," என்று மலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு வேட்டிதானே, குளியலறையில் கசக்கிக்கொள்கிறேன் என்றேன். "எங்க காயப்போடுவீங்கள்? பால்கனியிலயோ? எனக்குக் கடிதம் வாங்கித்தரப் போறீங்களோ?" சென்னையில் தண்ணீர் லாரி வரும் நாளுக்குக் காத்திருந்திருக்கிறேன். குழாயில் கொட்டும் தண்ணீரை வைத்துக்கொண்டு காத்திருந்தது இங்கேதான்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் சூரிச் போனோம். படம் மறுபடி ஆறடி ஆகியிருந்தது. பழைய தாள் கொஞ்சம் மஞ்சள், புதுத் தாள் வெள்ளை. ஒட்டு நன்றாகத் தெரிந்தது. அதை மறைக்க வேண்டாம் என்று ஷென் சொல்லியிருந்தாராம். மேசைமேல் விரித்து வைத்தார்கள். ஷென் மை அரைத்தார். சிவபாலன் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றார்.

வலது மேல் மூலையில், சிறிய எழுத்தில் எழுதினேன்.

'இந்தப் படத்தின் மேல் பாதியை வெறும் தாள் என்று நினைத்து வெட்டினேன். அது ஷென் பிறந்த சந்து. சுகமாக இருக்கிறது என்று இருபது வருடம் பொய் எழுதினேன். சென்னையில் ஒரு கால்வாய்க் கரையைக் காலி நிலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கே எனக்கு டீ கொடுத்தார்கள்.'

கடைசி வரியில் மை கொஞ்சம் பரவிவிட்டது. "இருக்கட்டும்," என்றார் ஷென். முத்திரை எங்கே என்று கேட்டார். எனக்கு ஏது முத்திரை? சிவப்புச் சாந்துக் கிண்ணத்தில் கட்டைவிரலை அழுத்தி, எழுத்துக்குக் கீழே வைத்தேன். இரண்டு பட்டம் வாங்கியவன் வைத்த முதல் கைநாட்டு.

மறுநாள் மத்தியானம் திறப்பு விழா. ஒயின், உப்பு பிஸ்கட், மூன்று சொற்பொழிவு. கூட்டம் முதல் சுவரின் முன்னால்தான் அதிகம் நின்றது. பக்கத்தில் ஜெர்மன் மொழிபெயர்ப்பை ஒட்டியிருந்தார்கள். அதை வாசித்த ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டதைச் சிவபாலன் எனக்குச் சொன்னார்: "கண்ணாடி போட்ட இந்தக் கிழவன்தானாம் வெட்டினவர். பாத்தால் அப்பிடித் தெரியேல்லையாம்."

ஜெயம் வேலை முடிந்து சீருடையோடே வந்திருந்தார். அவருக்கு ஜெர்மன் காகிதம் தேவைப்படவில்லை. படத்தின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, வாய்விட்டுத் தமிழில் வாசித்தார். அந்தக் கூடத்தில் அப்படி வாசிக்கக்கூடியவர்கள் மூன்றே பேர். வாசித்து முடித்துவிட்டு வெள்ளைத்தாளை மேலும் கீழும் தேடினார்.

"ஐயா, தேத்தண்ணிக்கடை எவடத்தில?"

படத்தில் இருந்தது சோங்சிங்கின் வானம். அல்லது ஷென்னின் சந்து. ஆனாலும் கேள்வி எனக்கு நியாயமாகவே பட்டது. கையை நீட்டினேன். அறைக்காவலர் பாய்ந்து வந்து, தொடக்கூடாது, தொடக்கூடாது என்றார். நான் தொடவில்லை. தாளுக்கு ஒரு விரல் தூரத்தில் கையை நிறுத்திக் காட்டினேன்.

"இது கால்வாய். இப்படித் திரும்பும். திரும்புற இடத்துல ஒரு வேப்பமரம். அதுக்கு இந்தப் பக்கம் கடை. பெஞ்சு இங்க."

ஜெயம் என் விரல் நின்ற இடத்தையே பார்த்தார். ஷென்னும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, அதே இடத்தைப் பார்த்தார்.

"பிளேன்ரீயோ, பால் தேத்தண்ணியோ?" என்று கேட்டார் ஜெயம்.

"பால் டீ," என்றேன். "இஞ்சி தட்டிப் போட்டு. ரொம்ப நல்லா இருந்தது."